ஒரு சிலிண்டர், அறுபது யூனிட்: வாசகர் கேள்வி பதில்

சமையல் எரிவாயு எரியும்போது வரும், பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு பற்றி நான் எழுதிய சிறு குறிப்புக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் அரசுப் பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் நான். கேள்வி கேட்பவர்களைக் கண்டால் இன்றும் மனசு நிறைகிறது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு சிலிண்டரில் இருப்பதே 14.2 கிலோ எரிவாயு. அதை எரித்தால் 43 கிலோ கரியமில வாயு வரும் என்று எழுதியிருந்தீர்கள். எடை எப்படி மூன்று மடங்காகும்? அச்சுப்பிழையா?
*வாசகி, மன்னார்குடி*

அச்சுப்பிழை இல்லை அம்மா. கூடுதல் எடை காற்றிலிருந்து வருகிறது.

எரிவாயுவில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும். 14.2 கிலோவில் கார்பன் மட்டும் பன்னிரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அடுப்பைப் பற்றவைத்ததும் ஒவ்வொரு கார்பன் அணுவும் உங்கள் சமையலறைக் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கார்பன் 12 பங்கு எடை என்றால் அந்த இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்து 32 பங்கு. மொத்தம் 44. அதாவது, எரிந்த ஒவ்வொரு கிலோ கார்பனுக்கும் மூன்றே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கரியமில வாயு வெளியேறுகிறது. பன்னிரண்டு கிலோவுக்கு நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். சுண்ணாம்புத் தெளிநீரில் குழாய் வைத்து ஊதச் சொல்வேன். தெளிந்த நீர் பால் மாதிரி வெளுக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று வெளியே வருகிறது என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும்.

இனி வரும் பதில்களுக்கெல்லாம் இந்த 43 கிலோவையே படியாக வைத்துக்கொள்கிறேன். கிலோ, டன் என்று சொன்னால் மனதில் நிற்காது; சிலிண்டரைத் தூக்கிப் பழகிய கைக்குச் சிலிண்டர் கணக்கு புரியும். இன்னும் இரண்டு கணக்குகளையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஆக, ஏறக்குறைய 60 யூனிட் மின்சாரம் ஒரு சிலிண்டருக்குச் சமம். பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, 19 லிட்டர் போட்டால் ஒரு சிலிண்டர்.

செல்போன் சார்ஜரைப் பிளக்கிலேயே விட்டுவிட்டாள் என்று எங்கள் வீட்டில் தினமும் மகளுக்குத் திட்டு விழுகிறது. உண்மையில் எது அதிக மின்சாரம் தின்கிறது?
*வாசகர், திருச்சி*

மகளைத் திட்டுவதை நிறுத்தலாம். போனை ஒருமுறை முழுக்கச் சார்ஜ் செய்ய ஒரு யூனிட்டில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். தினம் செய்தாலும் ஆண்டுக்கு ஆறு, ஏழு யூனிட். உங்கள் தலைக்கு மேல் சுற்றும் பழைய மின்விசிறி 75 வாட் வாங்கும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் 1.1 யூனிட். மகளின் போனுக்கு ஓராண்டு முழுக்க ஆகும் மின்சாரத்தை அந்த விசிறி ஒரே வாரத்தில் எடுத்துக்கொள்கிறது.

நம் ஊர் வீடுகளில் விசிறியை யாரும் ஒரு பொருளாகவே எண்ணுவதில்லை. பங்குனி பிறந்தால் ஐப்பசி வரை அது நிற்பதே இல்லை. இப்போது வரும் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார்) விசிறிகள் அதே காற்றை 30 வாட்டில் தருகின்றன. ஆண்டுக்கு 300 நாள், நாளுக்குப் பதினைந்து மணி நேரம் என்று வைத்தால் ஒரு விசிறியில் 200 யூனிட் மிச்சம். மூன்று சிலிண்டருக்கு மேல்! நான்கு ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக் கூடத்திலும் படுக்கையறையிலும் மாற்றினேன். அடுத்த மின்கட்டணத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. சுவரில் சதுரப் பெட்டி மாதிரி பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். வேகத்தைக் குறைக்கும்போது மிச்சமாக வேண்டியதில் ஒரு பகுதியை அது சூடாக்கி வீணடிக்கும். தொட்டுப் பார்த்தால் கை சுடும்.

அப்புறம் கீசர். ஒரு வாளித் தண்ணீரை, 20 லிட்டரை, 28 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுவரக் கால் யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். நான்கு பேர் தினம் குளித்தால் மாதம் அரை சிலிண்டர் கணக்கு. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே கை வைக்க முடியாத சூட்டில் வரும். அந்த மாதங்களிலும் பழக்கத்தில் கீசர் சுவிட்சைத் தட்டும் வீடுகள் உண்டு. அந்தச் சுவிட்சின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவையுங்கள், ஐப்பசியில் கிழித்துக்கொள்ளலாம்.

கிரைண்டரில் மாவு அரைப்பதால் எவ்வளவு?
*வாசகி, காரைக்குடி*

மேசைக் கிரைண்டர் 150 வாட். நாற்பது நிமிடம் ஓடினால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. கவலையில்லாமல் அரையுங்கள்.

எங்கள் ஏசிக்கு ஒவ்வொரு கோடையிலும் மெக்கானிக் வந்து காஸ் நிரப்பிவிட்டுப் போகிறார். 'வருஷம் ஒரு தடவை போடணும் சார்' என்கிறார். இந்தக் காஸால் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் உண்டா?
*வாசகர், கோவை*

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்வேன்.

ஏசியின் காஸ் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே ஆவியாகி அறையின் சூட்டை வாங்குகிறது, வெளியே திரவமாகி அந்தச் சூட்டை விடுகிறது. பத்து வருஷம் ஓடினாலும் அதே காஸ்தான் இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால், இந்த வருஷம் போட்டதும் அடுத்த கோடைக்குள் காற்றோடு போய்விடும்.

போனால் என்ன? உங்கள் வெளிப்பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் காஸின் பெயரும் எடையும் அச்சிட்டிருக்கும். பழைய ஏசி என்றால் ஆர்-22. அதில் ஒரு கிலோ வெளியேறினால், நூறாண்டில் அது பூமியைச் சூடாக்கும் அளவு 1,810 கிலோ கரியமில வாயு வெளியேறியதற்குச் சமம். நாற்பத்திரண்டு சிலிண்டர். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு சிலிண்டர் வாங்கும் குடும்பம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மூன்று வேளையும் சமைத்தால் வரும் அளவு. ஒன்றரை டன் ஏசி ஒன்றில் ஏறக்குறைய ஒரு கிலோ காஸ் இருக்கும். அதற்கு அடுத்து வந்த ஆர்-410ஏ இன்னும் மோசம், 2,088 மடங்கு. ஓசோனைக் கெடுக்காது என்பதுதான் அதன் நன்மை. இப்போது பெரும்பாலும் விற்கும் ஆர்-32, 675 மடங்கு. ஆர்-290 என்று எழுதியிருந்தால் அது புரொப்பேன், நம் சிலிண்டரில் இருக்கும் வாயுக்களில் ஒன்று. அதன் அளவு ஒற்றை இலக்கம்தான். ஆனால் தீப்பிடிக்கும் என்பதால் பயிற்சி பெற்றவரே கையாள வேண்டும்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 2017-ல் என் வீட்டு ஏசி குளிரவில்லை என்று ஒருவரை அழைத்தேன். வெளிப்பெட்டியின் வால்வைத் திறந்து, உள்ளே மிச்சமிருந்த காஸை அப்படியே திறந்தவெளியில் விட்டார். உஸ்ஸென்ற அந்தச் சத்தம் இரண்டு நிமிடம் கேட்டது. நான் காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். இயற்பியல் படித்தவள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவு பழைய பாடப்புத்தகத்தைப் புரட்டிக் கணக்குப் போட்டபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த ஆண்டு முழுக்க நான் விளக்கணைத்துச் சேமித்ததெல்லாம் அந்த இரண்டு நிமிடத்துக்கு ஈடாகாது.

அதனால் அடுத்த முறை மெக்கானிக் வந்தால் மூன்று விஷயம் கேளுங்கள். எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்தீர்களா? குழாயும் பெட்டியும் சேரும் நட்டுகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். அங்கே இல்லையென்றால் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடைத்த பிறகுதான் நிரப்புகிறீர்களா? மிச்சக் காஸைக் காற்றில் விடாமல் தனிச் சிலிண்டரில் பிடிக்கும் கருவி இருக்கிறதா? கருவி இல்லை என்றால் இருப்பவரைத் தேடுங்கள். முந்நூறு ரூபாய் கூடப் போகலாம், கொடுங்கள். தெருவுக்கு நாலு பேர் கேட்டால் அவரும் வாங்கி வைப்பார். பழைய ஏசியையும் ஃப்ரிட்ஜையும் காயலான் கடைக்குப் போடும்போதும் இதே கதைதான். செம்புக் குழாயை வெட்டும் அந்த நொடியில் எல்லாம் போய்விடும்.

உலக அளவில் இதற்கு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஓசோனுக்காக 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம். இந்த வெப்ப வாயுக்களைக் குறைக்க அதில் 2016-ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் செய்த திருத்தம். இந்தியா அதை 2021-ல் ஏற்றது. புதிதாகச் செய்யும் காஸ் படிப்படியாகக் குறையும். ஆனால் நம் வீட்டுச் சுவர்களில் ஏற்கெனவே தொங்கும் பெட்டிகளுக்குள் இருப்பதை நாம்தான் காக்க வேண்டும்.

வெப்பநிலையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரி முதல் விற்கும் அறை ஏசிகள் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு டிகிரி கூட்டினாலும் ஆறு சதவீத மின்சாரம் மிச்சம். 27-ல் வைத்து விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். நான் அப்படித்தான் தூங்குகிறேன், போர்வைகூட வேண்டாம்.

எரிவாயுவை விட்டுவிட்டு இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறுவது நல்லதுதானே? மகன் வற்புறுத்துகிறான்.
*வாசகி, விருதுநகர்*

உங்கள் மகனின் எண்ணம் நல்லது. ஆனால் இன்றைய நிலையில் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

ஒரு சிலிண்டரில் செய்யும் சமையலை முழுக்க இண்டக்‌ஷனில் செய்தால் 125 யூனிட் வாக்கில் ஆகும். பாத்திரத்துக்குப் போகும் சூட்டின் அளவை இரண்டிலும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன். 125 யூனிட் என்பது இரண்டு சிலிண்டர்! அடுப்பில் புகை இல்லை, அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியில் இருக்கிறது. நெய்வேலிக்காரர்களிடமும் எண்ணூர்க்காரர்களிடமும் கேட்டால் அந்தப் புகையைப் பற்றிச் சொல்வார்கள்.

மொட்டைமாடியில் சூரியத்தகடு இருந்தால் எல்லாம் மாறிவிடும். ஒரு கிலோவாட் தகடு நாளுக்கு நான்கு யூனிட் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. தகடு போட்டு, பகலில் சமைப்பதற்கு இண்டக்‌ஷன் வைத்துக்கொண்டால் மகன் சொல்வது முழுக்கச் சரி. இன்னொன்றும் அவன் பக்கம் இருக்கிறது. ஆரல்வாய்மொழியில் காற்றாலையும் கமுதியில் சூரியத்தகடும் கூடக்கூட, மின்சாரத்தின் 0.7 கிலோ குறைந்துகொண்டே வரும். எரிவாயுவின் 43 கிலோ என்றைக்கும் 43 கிலோதான்.

அதுவரை துவரம்பருப்பை அரை மணி ஊறவைத்துக் குக்கரில் போடுங்கள். முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வையுங்கள். அதற்குமேல் பெரிதாக எரித்தால் ஆவியாகத்தான் போகும், உள்ளே சூடு கூடாது. சுடர் மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றிக் கழுவுங்கள்.

நாங்கள் வீட்டுக்குப் பின்னால் சீமைக்கருவேல விறகில்தான் சமைக்கிறோம். பூமி சூடாவதற்கு விறகடுப்பும் காரணம் என்று டிவியில் சொன்னார்கள். மனசு கஷ்டமாக இருந்தது.
*வாசகி, அறந்தாங்கி*

கஷ்டப்படாதீர்கள் அம்மா. வெட்டிய கருவேலம் மறுபடி துளிர்த்து, எரித்ததில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஏசி காஸைக் காற்றில் விட்ட என்னைப் போன்றவர்கள்தான் முதலில் திருந்த வேண்டும். ஆனால் அந்தப் புகை உங்கள் கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கிறது. எனக்கு அந்தக் கவலைதான். இலவச எரிவாயு இணைப்புக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், ரேஷன் அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள எரிவாயு ஏஜென்சிக்குப் போய்க் கேளுங்கள். கிடைக்கும்வரை அடுப்பை வெளித்திண்ணையில் வைத்து, காய்ந்த விறகாகப் பார்த்து எரியுங்கள். ஈர விறகில்தான் புகை அதிகம்.

காய்கறித் தோலும் மீந்த சோறும் குப்பைமேட்டுக்குப் போனாலும் மக்கித்தானே போகும்? அதை ஏன் தனியாகப் பிரிக்க வேண்டும்?
*பிளஸ் டூ மாணவன், சென்னை*

நல்ல கேள்வி தம்பி. மக்குவதில் இரண்டு வகை உண்டு. காற்றுப் பட்டு மக்கினால் கரியமில வாயு வரும். அது அந்தச் செடி வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததுதான், கணக்கு சரியாகிவிடும். காற்றுப் படாமல் புழுங்கி மக்கினால் மீத்தேன் வரும். நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். முதல் இருபது ஆண்டுகளை மட்டும் எடுத்தால் எண்பது மடங்கு.

குப்பைமேடு என்பது அடுக்கடுக்காக அமுக்கிய மலை. அடியில் காற்றே போகாது. என் மகன் மடிப்பாக்கத்தில் இருக்கிறான். 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். நாள்கணக்கில் புகை. பேத்தி ஜன்னலைத் திறக்க முடியாமல் உள்ளேயே கிடந்தாள். அந்த மேட்டுக்குள் ஊறும் மீத்தேன் தீக்கு எண்ணெய் மாதிரி. நாம் பிளாஸ்டிக் பையில் கட்டிப்போட்ட சாம்பார்க் கத்தரிக்காய்க் காம்புதான் அங்கே அப்படி ஆகிறது.

உன் வீட்டில் பால்கனி இருந்தால் போதும். பக்கத்தில் ஓட்டை போட்ட மண்பானை ஒன்று, ஒரு சாக்குக் காய்ந்த இலை அல்லது தென்னைநார்க்கழிவு. ஒரு கை காய்கறித் தோல் போட்டால் அதன்மேல் ஒரு கை இலை. நாலு நாளுக்கு ஒருமுறை குச்சியால் கிளறு. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்றில்லை என்று அர்த்தம், இன்னும் இலை போட்டுக் கிளறு. நல்ல மழைக்குப் பிறகு வரும் மண்வாசனை வந்தால் உரம் தயார்.

சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். நெல் வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போதும் மண்ணுக்குள் காற்றில்லாமல் மீத்தேன் உண்டாகிறது. நான் டெல்டாவில் வளர்ந்தவள். 'காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி கட்டணும்' என்று அப்பா சொல்வார். வயலை நடுநடுவே காயவிட்டு மறுபடி நீர் பாய்ச்சுவது. தண்ணீர் மிச்சம், மீத்தேனும் குறைகிறது என்று விவசாய விஞ்ஞானிகள் இன்று பரிந்துரைப்பதும் அதைத்தான். அப்படி விளைந்த சோற்றைக் கீழே கொட்டினால் வயலிலும் மீத்தேன், குப்பைமேட்டிலும் மீத்தேன். ராத்திரி மீந்ததில் தண்ணீர் ஊற்றி வை. காலையில் மோரும் சின்ன வெங்காயமும் போட்டுச் சாப்பிடு.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் மின்சாரம், ஒன்றரை சிலிண்டர், ஸ்கூட்டருக்கு 24 லிட்டர் பெட்ரோல். பூமிக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று, இரவில் அடுப்பே பற்றவைக்காமல் காலையில் வைத்ததையே சாப்பிடுகிறோம். மாமியார் சூடாக ரசம் கேட்கிறார். நான் செய்வது சரியா?
*வாசகி, சேலம்*

கணக்கோடு எழுதியதற்கே உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு மாதத்துக்கு மின்சாரம் 434 கிலோ, பெட்ரோல் 55, சமையல் 65. மொத்தம் 554 கிலோவில் உங்கள் அடுப்பின் பங்கு எட்டில் ஒன்றுகூட இல்லை. மாமியாருக்கு ரசம் சூடாக வைத்துக் கொடுங்கள்.

கடிதத்தின் கடைசியில் 'ஐந்து ஃபேனும் கல்யாணத்தின்போது வாங்கியது, பதினாறு வருஷம் ஆகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். நாளுக்குப் பதினான்கு மணி நேரம் ஓடுவதாக வைத்தால், அந்த ஐந்தையும் மாற்றும்போது இரண்டு மாதத்தில் 189 யூனிட் குறையும். 132 கிலோ. உங்கள் சமையலறையைப் போல இரண்டு மடங்கு. யூனிட்டும் 431-க்கு வந்துவிடும். 500-ஐத் தாண்டினால் கட்டண விகிதமே வேறு என்பதால் பணமும் நன்றாக மிஞ்சும். ஐந்தையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டாம். மாமியார் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும் கூடத்து விசிறியை முதலில் மாற்றுங்கள். அதில் மிஞ்சும் பணத்தைத் தனியே எடுத்து வைத்து அடுத்ததை வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து மின்கட்டண அட்டையில் என்ன எண் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.